படியளப்பது யார்?

துறைமுக நகரான திருகோணமலையில் சுவாமி விபுலாநந்தர் விழாக்களில் நான் கேட்டதெல்லாம் ‘யாழ் நூல்’ புகழ்தான். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து 1924இல் காவி உடுத்தவர் அவர். இராமகிருஷ்ண மிஷனுக்காக இதே நகரின் இந்துக் கல்லூரியை நடத்தினார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வறிய சிறுவர்களைப் பேணினார். அவர்கள் நாள்தோறும் உண்ண வேண்டுமே!

இன்றும் இல்லம் நடத்துவோரிடம் ‘கடவுள் படியளப்பார்’ என்று உபதேசிக்கும் பிரமுகர்களே, உங்கள் வீட்டு உலைக்கும் அவரையேதான் நம்பியிருக்கிறீர்களா? துறவிக்குப் பசி பழகியிருக்கலாம். பத்து வயதுப் பையனுக்கு ஏன் பழக வேண்டும்?

உங்கள் பொன்னாடைப் படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பியவன் நானும்தான். ஓர் இல்லத்தின் அரிசிக் கடனைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.