குரலும் கோப்பும் ஒரே இணைப்பில்: வடசிலாங்கூர் சிறு அலுவலகங்கள் கவனிக்க வேண்டியவை

சுங்கை பெசார் – இணையம் ‘நன்றாகத்தான் இருக்கிறது’, ஆனால் தொலைபேசியில் பேசினால் எதிர்முனைக் குரல் வெட்டி வெட்டி விழுகிறது. செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் கடையோ, கிளினிக்கோ, தோட்ட அலுவலகமோ நடத்துபவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. பலர் நிறுவனத்தைக் குறை சொல்லிவிட்டு, இன்னும் வேகமான பேக்கேஜுக்கு மாறுகிறார்கள். குறை பெரும்பாலும் வேகத்தில் இல்லை.

முன்பு குரலுக்குத் தனிப் பாதை இருந்தது. செம்புக் கம்பியில் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தபோதுகூட, பேச்சு தாழ்ந்த அலைவரிசையிலும் இணையம் உயர்ந்த அலைவரிசையிலும் ஓடின. சுவரில் மாட்டிய சிறு ஃபில்டர் இரண்டையும் பிரித்தது. இப்போது வீட்டுக்கு வருவது ஃபைபர். கைப்பேசியிலோ 2021 டிசம்பர் இறுதியில் நாடு முழுவதும் 3ஜி நிறுத்தப்பட்டது. அதன்பின் அழைப்புகள் 4ஜி வழியாக வோல்ட்டி முறையில் செல்கின்றன. அந்த வசதி இல்லாத பழைய கைப்பேசிகள் 2ஜிக்கு இறங்கிவிடுகின்றன. அதாவது, குரலும் இன்று பெரும்பாலும் ஒரு தரவுதான்.

அதே வேளையில் அலுவலகத் தரவும் பெருகியிருக்கிறது. இபிஎஃப், பெர்கேசோ சந்தா விவரங்கள் இணையத்தில்தான் அனுப்பப்படுகின்றன. 2024 ஆகஸ்ட் 1இல் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாகச் சிறிய வணிகங்களை நோக்கி வந்தது. இவற்றோடு சிசிடிவி பதிவும் படங்களும் இடைவிடாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன.

வேகமா, வரிசையா?

வழக்கமான தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 80 முதல் 100 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் சுமார் 1 மெகாபிட்தான். ஆனால் குரல் வினாடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் அரை வினாடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. பேச்சில் அப்படியல்ல. ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

தோட்டத்தில் 4ஜி மோடம் வழியாக இயங்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பதிவேற்ற வேகம் 2 மெகாபிட் என்றால், ஒரு பெரிய கோப்புப் பொட்டலம் வெளியேற 6 மில்லிவினாடி ஆகும். கிராணி சம்பளக் கோப்பை அனுப்பும்போது அப்படி 50 பொட்டலங்கள் முன்னால் நின்றால், பின்னால் வரும் குரல் 300 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். பேச்சு உடைவது அங்கேதான்.

எல்லாக் குரலுக்கும் ஒரே மரியாதை கிடைப்பதுமில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சொந்த வோல்ட்டி அழைப்புக்கு அதன் கட்டமைப்பு முன்னுரிமை தருகிறது. வாட்ஸ்அப் அழைப்பும், அலுவலகம் தானே வாங்கிப் பொருத்திய இணையத் தொலைபேசியும் மற்றக் கோப்புகளோடு சேர்ந்து வரிசையில் நிற்கின்றன.

நாம் செய்யக்கூடியது

ரௌட்டரில் ‘கியூஓஎஸ்’ என்ற அமைப்பு இருந்தால் குரலுக்கு முதலிடம் கொடுங்கள். மொத்தப் பதிவேற்றத்தை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பிடுங்கள். அப்போதுதான் வரிசை நம் ரௌட்டரில் நிற்கும், குரலை முன்னால் விட முடியும். வரிசை நிறுவனத்தின் பக்கம் சேர்ந்துவிட்டால் நம் கையில் ஒன்றுமில்லை. மேசைத் தொலைபேசியை வைஃபையில் விடாமல் கம்பியில் இணையுங்கள். காப்புப் பிரதி எடுப்பதை இரவுக்குத் தள்ளுங்கள். பேக்கேஜ் வாங்கும்போது பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பழைய செம்புத் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் மின்சாரம் போனாலும் 999க்கு அழைக்க முடிந்தது. ஃபைபர் மோடத்துக்கு நம் வீட்டு மின்சாரம் வேண்டும். அது போனால் தொலைபேசியும் போகும். வெள்ளமும் புயல்காற்றும் வரும் காலத்தில் கிளினிக், பள்ளி, முதியோர் இருக்கும் வீடு ஆகியவற்றில் மோடத்துக்கு ஒரு சிறு யுபிஎஸ் ஆடம்பரமல்ல.

நிறுவனங்களும் அரசும்

2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம் முதல் கட்டத்தில் 4ஜி பரவலை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்தது. இது மக்கள் வசிக்கும் பகுதிகளைக் கொண்ட கணக்கு. செம்பனைக்கு நடுவே பத்து இருபது வீடுகள் கொண்ட லயம் அதில் எளிதில் மறைந்துவிடும். பரவல் இருக்கும் இடத்திலும் ஒரே கோபுரத்தைப் பலர் பகிரும் மாலை நேரத்தில் குரல் தாங்குமா என்பதை விழுக்காடு சொல்வதில்லை.

ஆகவே புகாரை ‘லைன் சரியில்லை’ என்று முடிக்காதீர்கள். நாள், நேரம், இடம், எந்த வகை அழைப்பு, அப்போதைய பதிவேற்ற வேகம் ஆகியவற்றைக் குறித்து, முதலில் நிறுவனத்திடம் கொடுங்கள். தீர்வு வராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் கொண்டுபோங்கள். ஒரு தோட்டத்துக் குடும்பங்கள் ஒரே வாரத்தில் இப்படிக் குறித்துக் கொடுத்தால், அது தட்டிக்கழிக்க முடியாத ஆதாரமாகும்.