பேசாத பெட்டி

புதுவைக் கடற்கரைக்கு அண்மையில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர் அரசாங்க உரிமம் பெற்று வானலையில் பேசிவரும் ரேடியோ அன்பர். 'ஹாம்' என்று உலகம் அழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். சென்ற மாதம் அவருடைய சீமைப் பெட்டி செய்தி அனுப்ப மறுத்துவிட்டது. "உட்பலகையையே மாற்ற வேண்டும், புதுப் பெட்டியின் விலையில் பாதி ஆகும்" என்றாராம் பழுது பார்ப்பவர். நண்பர் முகம் வாடி நம்மிடம் வந்தார்.

இருவரும் மாடியேறி ஏரியலைப் பார்த்தோம். கம்பி சேருமிடத்தில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. அனுப்பிய சக்தி வானில் ஏறாமல் திரும்பி வரவே, பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருக்கிறது! களிம்பைச் சுரண்டி, ஈயப்பற்று வைத்தோம், பேசிற்று. ஒரு குவளைக் காப்பியின் விலைகூட ஆகவில்லை.

உப்புக்காற்று வீசும் நம் ஊரில் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரம், அடுத்து இணைப்புகள், பிறகு ஏரியல், கடைசியிலேதான் பெட்டி. சும்மா வைத்திருந்தால் கெடாது என்பதும் பிழை. சிலவகை மின்தேக்கிகள் உபயோகியாமலே உலர்ந்துவிடும். மின்னேற்றாத பாட்டரி மாண்டுபோகும்.

பெட்டியே கெடும் நாளும் வரலாம். வால்வுக் காலத்தில் கெட்ட வால்வைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினார்கள். இன்றோ நொய்யரிசியினும் சிறிய உறுப்புகள்; ஒன்று கெட்டால் பலகையே போயிற்று. இதற்கு மாற்று வழி காட்டியவர் ஐதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் வகுத்த 'பிட்எக்ஸ்' கருவிக்கு நம் கடைத்தெருவில் அகப்படும் உறுப்புகளே போதும். கம்பிச்சுருள் சுற்றுவதற்குக் குழாய் வாஷரையே அவர் எடுத்துக்கொண்டார். செய்தவர் கையே அதைச் சீர்செய்யவும் வல்லது.

1954 அக்டோபர் வரை பிரெஞ்சிந்தியாவின் அழைப்புக் குறி 'எஃப்.என்.8'. அது மறைந்து, பாரதத்தின் 'வி.யு.' நமக்கு உரியதாயிற்று. குறி சுதேசியான பிறகு கைத்திறன் மட்டும் பரதேசியாய் இருக்கலாமா?

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் குழுவினர் ரேடியோ மூலம் செய்தி அனுப்பி உதவினர். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியதையும், மின்சாரமின்றித் தவித்த நாட்களையும் நாம் மறக்கவில்லை. புயலன்று பழுது பார்ப்பவரைத் தேடி ஓட முடியாது. பெட்டி உடைய அன்பர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அதைத் தூசி தட்டிப் பேசிப் பார்ப்பார்களாக!