வெள்ளை வளையத்துக்கும் ஒரு பரிசு



ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பூங்காவில் ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்தது இந்த மர இனம்தான். அதன் பாலில் கொடிய நஞ்சு உண்டு. காடுகளில் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்கள் வேட்டைக்குப் போகும்போது ஊதுகுழல் அம்புகளின் நுனியில் தடவியது அதைத்தான். அவர்களில் செமாங் மக்கள் ஒரு காலத்தில் வில்லும் ஏந்தியவர்கள். இப்படி ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு, “வில்வித்தையா? அதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

நம்மவர்களிடம் வில் என்றாலே பேச்சு அர்ச்சுனனிடமும் ஏகலைவனிடமும் போய் நின்றுவிடும். இருவரும் பெரிய வீரர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்தில் நின்று சேர்ந்து விளையாட ஏற்ற ஆட்களா என்றால், யோசிக்க வேண்டும். எனக்குக் கொல்லிமலை வல்வில் ஓரியைப் பிடிக்கும். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்திய வேட்டுவன் என்று புறநானூறு சொல்கிறது. நம்புவது உங்கள் விருப்பம். இன்றும் ஆடி மாதத்தில் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அவன் பெயரில் அரசு விழா நடக்கிறது. அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு.

சில காலமாக நானும் ஒரு கழகத்தின் நட்புமுறைப் போட்டிகளுக்குப் போய் வருகிறேன். பதக்கம் வெல்லும் வயதும் இல்லை, கண்ணும் இல்லை. ஒலிம்பிக்கில் எய்கிற தூரம் 70 மீட்டர். 122 சென்டிமீட்டர் அகல இலக்கின் நடுவில், பத்துப் புள்ளி தரும் வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். லண்டனிலும் ரியோவிலும் மலேசியாவுக்காக எய்து, 2021இல் 27 வயதிலேயே மறைந்த ஹாசிக் கமாருடின் நின்ற தூரம் அது. நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சிறுவர்களுக்கு 10 மீட்டரில் ஓர் இலக்கு, எங்களைப் போன்றவர்களுக்கு 30 மீட்டரில், கொஞ்சம் தேறியவர்களுக்கு இன்னும் தள்ளி. இலக்குகள்தான் முன்னும் பின்னும் இருக்கும். எய்பவர்கள் எல்லோரும் நிற்பது ஒரே கோட்டில். பத்து வயதுப் பேத்திக்குப் பக்கத்தில் எழுபது வயதுத் தாத்தா நின்று விளையாடக்கூடிய விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

விசில் சத்தம்தான் சட்டம். இரண்டு முறை ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒருமுறை ஊதினால் எய்யலாம், மூன்று முறை ஊதினால் அம்பெடுக்கப் போகலாம். இடையில் யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது. அதில் மட்டும் நட்பு, உறவு எதுவும் செல்லாது. இலக்கருகே போனதும் நிலைமை மாறிவிடும். நம் அம்புகளின் புள்ளிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக நாமே சொல்ல வேண்டும். பக்கத்துப் போட்டியாளர் எழுதிக்கொள்வார். எழுதி முடிக்கும்வரை அம்பில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கோட்டைத் தொட்ட அம்புக்கு அதிகப் புள்ளி. தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நம்மோடு மோதுகிறவரே குனிந்து பார்த்து, “தொட்டிருக்கு அண்ணே, ஒன்பது போட்டுக்குங்க” என்பார். காற்பந்துத் திடலில் நான் இதைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. ஒருவருடைய அம்பு இலக்கைத் தவறிப் புல்லுக்குள் போய்விட்டால் ஆட்டம் நின்றுவிடும். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அம்பு, பிறகு அந்தப் பக்கம் நடக்கிறவர் காலைக் குத்தும், புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கும். ஆகவே மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லோரும் வரிசையாக லாலாங் புல்லை விலக்கித் தேடுவார்கள். அம்புக்குரியவர் வெட்கப்பட்டுக்கொண்டே நிற்பார். அந்தத் தேடலில்தான் பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரிந்தது. கட்டைவிரலில் வளையம் போட்டு மரபு வில்லை இழுக்கும் மலாய் நண்பர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நபிவழி என்ற பற்றோடு பழகுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டால் வில்லைக் கையில் கொடுத்தே காட்டுவார்கள்.

எங்கள் கழகத்துக்கு வரும் ஒரு பெரியவர், தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அவர் சொன்னது எனக்கு நிறைய விளங்கவைத்தது. “காலையில ஐந்நூறு மரம் வெட்டுவோம் ஐயா. கத்தி கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலோட்டமாப் போனா பால் இல்ல. ஒரே மாதிரி வெட்டணும். இதுவும் அதே மாதிரிதான்.” வலிமை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் முதல் வாரமே தோள் வலியோடு திரும்புவார்கள். புதியவர்களுக்கு 18, 20 பவுண்டு வில் போதும். ஒவ்வொரு முறையும் நாண் முகவாயின் ஒரே இடத்தில் வந்து படிய வேண்டும். விரல் அதே போல விட வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவும் வர மாதக்கணக்காகும்.

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் திடல் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1877இல் கோலாகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து பரவிய தோட்டங்களில், லயங்களுக்குப் பக்கத்தில் கோயிலும் பள்ளியும் போலத் திடலும் இருந்தது. தோட்டத்துக்கு ஒரு காற்பந்துக் குழு, பொங்கலுக்கு உறியடி, வழுக்கு மரம். பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்தன. சனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறினார்கள். வீட்டு வாசலில் இருந்த திடல் மட்டும் கூடவே வரவில்லை. தாமானில் மூன்றாவது வீட்டுக்காரர் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. கோயில் திருவிழாவும் கல்யாணமும் தவிர நாம் கூடுவதற்குக் காரணங்கள் குறைந்துவிட்டன. அம்பு எய்யத்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. வாரம் ஒரு காலை, ஒரு புல்வெளி, அறிமுகமில்லாத பத்துப் பேர். இது வேண்டும் என்கிறேன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் ஸ்கார்டன் வெள்ளி அம்பு என்றொரு போட்டி 1673இல் தொடங்கியது. தங்க வளையத்தின் நடுவிலுள்ள கறுப்புப் புள்ளியில் முதலில் அடிப்பவருக்கு வெள்ளி அம்பு. அதோடு தப்ப முடியாது. அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்துகிற பொறுப்பும் அவர் தலையில்தான். கெட்ட வார்த்தை பேசினால் ஒரு ஷில்லிங் அபராதம். பூட்டானிலோ தலைகீழ்: 140 மீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் சின்னப் பலகையில் அம்பு பட்டதும் குழுவே ஆடிப் பாடும், எதிராளியைக் கேலி செய்து பாட்டுக் கட்டும். நம் ஆட்களுக்கு இரண்டாவது வகை பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

வர விரும்புகிறவர்களுக்கு: மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தொளதொளச் சட்டை வேண்டாம். பெரும்பாலான கழகங்களில் புதியவர்களுக்கு வில், கைக்காப்பு எல்லாம் இரவல் கிடைக்கும். ஈப்போ மழை மாலையில்தான் வரும் என்பதால் காலையிலேயே வந்துவிடுங்கள்.

ஸ்கார்டனில் இன்னொரு பரிசும் உண்டு. இலக்கின் ஓரத்தில் இருக்கும், ஆகக் குறைந்த புள்ளி தரும் வெள்ளை வளையத்தில் அன்றைக்குக் கடைசியாக அம்பு பாய்ச்சியவருக்குக் கொம்பால் செய்த ஒரு கரண்டி. எங்கள் கழகத்திலும் இதைத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். நம் இதழ் சார்பில் சிரட்டை அகப்பை ஒன்று வாங்கி வைத்தாயிற்று. அதை என்னிடமிருந்து பறித்துக்கொள்ள யாராவது வந்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்