நான்காம் விதி



வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிர். வெட்டவெளியெங்கும் உறைபனி மூடிக் கிடக்கிறது. இத்தகைய ஒரு சனிக்கிழமைக் காலையில், கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய மக்கள் காரில் துப்பாக்கியையும் ஒரு பழைய பாயையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே செல்கின்றனர் என்றால், அவர்களைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? வேட்டைக்குப் போகிறார்கள் என்போம். அன்றிப் போர் ஏதேனும் மூண்டுவிட்டதோ என்று அஞ்சுவோம். இரண்டும் இல்லை. அவர்கள் பாடம் படிக்கச் செல்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'ஆப்பிள்சீட் திட்டம்' என்னும் பெயரில் 2006-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் குறிபார்த்துச் சுடும் வகுப்பைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகின்றேன். சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களில் முடிந்துவிடும் வகுப்பு இது. சம்பளம் பெறாத தொண்டர்களே ஆசிரியர்கள். தேர்ச்சி பெற்ற ஆசிரியர் சிவப்புத் தொப்பி அணிவார். ஆசிரியப் பணிக்குப் பழகி வருபவர் ஆரஞ்சு நிறத் தொப்பி அணிவார். கோடையில் நடப்பது போலவே குளிர்காலத்திலும் இவ்வகுப்பு நடப்பதுண்டு. மழையென்றும் பனியென்றும் சாக்குச் சொல்லி வகுப்பை எளிதில் தள்ளிவைப்பதில்லை.

மாணவர் வரிசையில் முதியோர் இருப்பர். இளம் பெண்கள் இருப்பர். தாய் தந்தையரோடு வந்த சிறுவர் சிறுமியரும் இருப்பர். அவர்கள் கையாள்வது பெரும்பாலும் .22 வகையைச் சேர்ந்த சிறு ரைபிள். நம் நாட்டில் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்திருந்தவர்கள் அவ்வகை ரைபிளைத் தோளில் தாங்கியிருப்பார்கள். அதன் தோட்டா பென்சிலைவிட மெல்லியது. ஆயினும் ஒரு மைலுக்கும் அப்பால் சென்று விழ வல்லது. உயிரைக் குடிக்க வல்லது. அது விளையாட்டுப் பொருள் அன்று.

ஆகவே முதற்பாடம் சுடுவதைப் பற்றியது அன்று. அது நான்கு விதிகளைப் பற்றியது. குழல்முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையையே நோக்கியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. கட்டளை வரும்வரை தோட்டா இடலாகாது என்பது இரண்டாவது. குறி இலக்கின்மீது பதியும்வரை விரல் விசையைத் தொடலாகாது என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒருவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் விதிகள். நான்காவது விதியோ வேறுவகையானது. 'உன் அருகில் இருப்பவர்களும் இவ்விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்' என்கிறது அது.

இந்த நான்காம் விதியை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். 'நான் ஒழுங்காக இருக்கின்றேன். மற்றவர் எப்படியோ போகட்டும்' என்று கூறுவதற்கு அந்த வரிசையில் இடமில்லை. பக்கத்தில் படுத்திருப்பவரின் குழல்முனை தவறான திசையில் திரும்பினால், அதைக் கண்டவர் உடனே 'சுடுவதை நிறுத்துங்கள்' என்று கூவ வேண்டும். கூவுபவர் 12 வயதுச் சிறுமியாக இருந்தாலும் வரிசை முழுவதும் நின்றாக வேண்டும். வயதில் மூத்தவரைத் திருத்தலாமா என்ற தயக்கத்துக்கு அங்கே இடமில்லை. சிறியவள் சொல்லிவிட்டாளே என்ற கோபத்துக்கும் இடமில்லை.

அதன் பின்னரே சுடும் கலை கற்பிக்கப்படுகிறது. நின்றும், அமர்ந்தும், குப்புறப் படுத்தும் சுடப் பழகுகின்றனர். இலக்கு 25 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள உருவங்கள் சிறிதாக்கி வரையப்பட்டவை. அவற்றுள் மிகச் சிறியதைச் சுடுவது 400 கஜத்துக்கு அப்பால் நிற்கும் உருவத்தைச் சுடுவதற்கு ஒப்பாகும்.

துப்பாக்கியை இறுகப் பிடித்துக்கொண்டால் குறி தப்பாது என்றுதான் புதியவர் எண்ணுவார். உண்மை அதற்கு நேர்மாறானது. தசை களைத்துப் போகும்; களைத்த தசை நடுங்கும். எலும்போ களைப்பதில்லை. எனவே முழங்கையை ரைபிளுக்கு நேர் கீழே ஊன்றி, தோல் அல்லது நாடாவினால் ஆன வாரைப் புயத்தில் மாட்டி, எடையை எலும்பின்மீது தாங்கச் செய்கின்றனர். பிறகு கண்களை மூடி, உடலைத் தளர்த்தி, மூச்சை வெளியே விட்டுவிட்டுக் கண்களைத் திறக்கச் சொல்கின்றனர். அப்போது குழல் இலக்கைவிட்டு விலகியிருந்தால், கையால் அதை இழுத்து நேராக்கலாகாது. உடலையே சிறிது நகர்த்தி மீண்டும் படுக்க வேண்டும். கையால் இழுத்து வைத்த குழல், விசை அழுந்தும் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பது அவர்களது அனுபவம்.

மூச்சு வெளியேறி, அடுத்த மூச்சு தொடங்குமுன் இயல்பாக வரும் சிறு ஓய்வில், கண் முன்குறியிலும் எண்ணம் இலக்கிலும் நிலைத்திருக்க, விரல் மெல்ல அழுத்துகிறது. சுட்ட பின்னரும் விரலை உடனே எடுப்பதில்லை. குண்டு புறப்பட்ட கணத்தில் குறி எங்கே இருந்தது என்று தமக்குத் தாமே உண்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். காகிதமும் பொய் சொல்வதில்லை. துளைகள் மேலும் கீழுமாக வரிசையிட்டிருந்தால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே சுட்டிருக்கிறார் என்று பொருள். சாய்வாக விழுந்திருந்தால் முழங்கை ரைபிளின் கீழே இல்லை என்று பொருள். ஆகவே துப்பாக்கியைக் குறை கூறுவதற்கு முன் சுட்டவர் தம்மை நோக்க வேண்டியவராகிறார்.

இவையனைத்தையும் கடுங்குளிரில் செய்வதை நினைத்துப் பாருங்கள். தடித்த உடை தோளுக்கும் துப்பாக்கிக்கும் இடையே திண்டு போல் நிற்கிறது. நேற்று வீட்டில் அளவாக இருந்த வார் இன்று போதவில்லை. விட்ட மூச்சு மூக்குக் கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கிறது. ரைபிளுக்குள் இட்ட எண்ணெய் கெட்டிப்பட்டுப் பொறியை மந்தமாக்குகிறது. கையுறையோடு விசையை உணர முடிவதில்லை. கையுறையைக் கழற்றினாலோ அந்தச் சின்னஞ்சிறு தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்துமுன் விரல்கள் மரத்துவிடுகின்றன. தரையில் விரித்த பாயையும் ஊடுருவிக் குளிர் வயிற்றிலும் மார்பிலும் ஏறுகிறது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசுமானால், உடல் உணரும் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரிக்குச் சமம். மூடாத தோல் அரைமணி நேரத்தில் உறைந்து கெடக்கூடும்.

இதைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம் வரும். பின்னர் கை தடுமாறும், கால் இடறும், பேச்சுக் குழறும், காரணமின்றி எரிச்சல் வரும். அதன்பின் சிந்தையே மங்கும். தாம் ஆபத்தில் இருப்பது அவருக்கே தெரியாது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். நடுக்கம் நின்றதும் குளிர் விட்டுவிட்டது என்று நினைப்பார். உண்மையில் நிலைமை மோசமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். இந்நிலையில் அவரைக் காக்கக்கூடியவர் யார்? பக்கத்தில் இருப்பவரே. அவரை உள்ளே அழைத்துச் சென்று, ஈர உடையை மாற்றி, முதலில் மார்பையும் வயிற்றையும் கதகதப்பாக்கி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பிட்ட சூடான பானம் கொடுக்க வேண்டும். மது கொடுக்கலாகாது, உறைந்த விரலைத் தேய்க்கலாகாது. துப்பாக்கிக்கென்று எழுதிய நான்காம் விதி குளிருக்கும் பொருந்துவதைக் காண்கின்றோம்.

இடையிடையே கற்போர் கைகளைச் சூடேற்றிக்கொண்டு அமர்ந்திருக்க, ஆசிரியர்கள் தங்கள் நாட்டு வரலாற்றைக் கூறுகின்றனர். 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாளின் வரலாறு அது. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் கன்கார்டு என்னும் ஊரில் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்க, ஏறக்குறைய 700 பிரிட்டிஷ் வீரர்கள் பாஸ்டனிலிருந்து இரவோடிரவாகப் புறப்பட்டனர். வழியில் லெக்சிங்டன் ஊர்த் திடலில் கேப்டன் ஜான் பார்க்கரின் தலைமையில் 80 பேருக்கும் குறைவான உள்ளூர்க் குடிமக்கள் நின்றிருந்தனர். சுடச் சொன்னதாக இரு தரப்புத் தலைவர்களில் எவரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆயினும் எங்கோ ஒரு துப்பாக்கி வெடித்தது. சுட்டவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. குடிமக்களில் 8 பேர் அங்கேயே மாண்டனர். அன்று மாலைக்குள் பிரிட்டிஷாரில் 73 பேரும் குடியேறிகளில் 49 பேரும் உயிரிழந்தனர். அதன்பின் நடந்த போர் 1783 வரை நீடித்தது. கட்டளைக்குக் காத்திராத ஒரே ஒரு விரல்! இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் எதற்காக என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே நாளில் ஆக்டன் ஊரிலிருந்து தம் குழுவோடு புறப்பட்டவர் ஐசக் டேவிஸ் என்பவர். துப்பாக்கி செய்வது அவர் தொழில். தம் வீட்டுப் பின்புறத்தில் இடம் அமைத்துத் தம் ஊராருக்குக் குறிபார்க்கப் பழக்கியவர். வயது 30. நான்கு குழந்தைகள், நால்வரும் அன்று நோயுற்றிருந்தனர். வாசலைத் தாண்டியவர் ஏதோ சொல்ல எண்ணியவர் போலத் திரும்பினார். குழந்தைகளை நன்றாகப் பார்த்துக்கொள் என்று மட்டும் மனைவியிடம் கூறினாராம். கன்கார்டின் வடபாலத்தருகே முதலில் மாண்டவர்களுள் அவர் ஒருவர். 60 ஆண்டுகள் கழித்து, 1835-இல், முதுமையுற்றிருந்த அவர் மனைவி ஹன்னா இதைச் சாட்சியமாக எழுதிவைத்தார். நாட்டின் தொடக்கக் கதையாகச் சொல்லப்படும் அந்நாளை, ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அது இவ்வாறுதான் தெரிகிறது.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. துப்பாக்கி மலிந்த அந்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். 2020 முதல் அங்கே சிறுவர்கள், இளைஞர்கள் ஆகியோரின் இறப்புக்கு முதற்காரணமாகத் துப்பாக்கியே நிற்கிறது. வாரக்கடைசி வகுப்புகள் இந்தத் துயரைத் தீர்த்துவிடும் என்று நான் கூறமாட்டேன். துப்பாக்கியை இகழ்பவரும் புகழ்பவரும் அங்கே ஓயாது வாதாடிக்கொண்டிருக்கின்றனர். ஆனால் அவ்விறப்புகளில் பாதிக்குமேல் கொலைகள் அல்ல. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் இறப்புகள் என்பதைப் பலர் அறியார். இத்தகைய எண்ணம் பெரும்பாலும் சில மணி நேரமே உச்சத்தில் நிற்கும், பின்னர் தணியும். அந்நேரத்தில் துப்பாக்கி பூட்டப்பட்டுத் தோட்டா வேறிடத்தில் இருந்தாலோ, உறவினரோ நண்பரோ அதைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொண்டாலோ, உயிர் தப்புகிறது. அவ்வாறு தப்பியவர்களில் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியை நாடுவதில்லை. அங்கேயும் காப்பவர் யார்? குளிரில் சிந்தை மங்கியவரைப் போலவே, துயரில் சிந்தை மங்கியவரும் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்; வரிசையை நிறுத்தத் துணிய வேண்டும்.

ஞாயிறு மாலை தேர்வு நடக்கிறது. 40 தோட்டாக்கள்; மொத்தம் 250 மதிப்பெண்கள்; 210 பெற்றவர் தேர்ந்தவர். முதல் வகுப்பிலேயே அதை எட்டாதவர் பலர். தேர்ந்தவருக்கு ஒரு சிறு துணிப் பட்டை கிடைக்கிறது. தேறாதவர் துளைகள் சிதறிய காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, இன்னொரு முறை வரலாமென்று திரும்புகிறார். கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. தோட்டாவிலுள்ள ஈயம் கையில் ஒட்டியிருக்கும். குழந்தைகளுக்கு அது நஞ்சு. ஆகவே எவ்வளவு குளிர்ந்த நீராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவிய பின்னரே உண்ண வேண்டும். வீட்டுக்குச் சென்று உடையை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. உறைபனியில் படுக்கப்போவதும் இல்லை. ஆனால் நம் இல்லங்களிலும் பேச்சுக் குழறுபவர், காரணமின்றி எரிந்து விழுபவர், திடீரென்று அமைதியாகிவிட்டவர் இருக்கலாம். 'நன்றாகத்தான் இருக்கின்றேன்' என்று அவர் சொன்னதும் நாமும் நம்பி நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம். இன்று மாலை அவர் அருகே சற்றே அமர்ந்து இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போம்.