கறுப்புக் குயிலின் கூட்டுக் குடும்பம்

விடியும் முன்பே கூவி எழுப்பும் குயிலைத் திட்டாத அடுக்குமாடி வீடு நம் ஊரில் உண்டா? காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவிவிடும் என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு. ஆனால், அதே குயில் குடும்பத்தில் சேர்ந்து கூடு கட்டி, சேர்ந்தே குஞ்சு வளர்க்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. பெயர் ஆனி. நம் ஆனி மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பறவை இது. மொத்தம் மூன்று இனங்கள். மூன்றையும் பனாமா நாட்டில் பார்க்கலாம். மூன்றுமே தலை முதல் வால் வரை கறுப்புதான். பிறகு எப்படி அடையாளம் காண்பது?

முதலில் அலகைப் பாருங்கள். பக்கவாட்டில் தட்டையாக, மேலே மேடு தட்டியிருக்கும். அடுத்து, தளர்ந்து தொங்கும் நீண்ட வால். வேலிக் கம்பியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெளிர்நிறக் கண்ணும் நீலப் பளபளப்புமாக நீர்க்கரையில் திரிவது பெரிய ஆனி. மற்ற இரண்டும் அதைவிடச் சிறியவை, கண்ணும் கருமை. ஒன்றின் அலகில் வரிப்பள்ளங்கள் இருக்கும், மற்றதில் இருக்காது. தூரத்திலிருந்து அது தெரியாது. அப்போது காதுதான் கை கொடுக்கும். வழவழப்பான அலகுக்காரர் மேலே ஏறும் குரலில் சிணுங்குவார். வரி அலகுக்காரர் இரண்டே அசையில் கூப்பிடுவார். வானொலிக்காரிக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம்!

பனாமாவின் பாரோ கொலராடோ தீவுப் பகுதியில் பெரிய ஆனிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் கிறிஸ்டினா ரீல். அங்கே உறவே இல்லாத இரண்டு மூன்று ஜோடிகள் சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டுகின்றன. ஆரம்பத்தில் சண்டைதான். தான் முட்டையிடும் முன் கூட்டில் கிடக்கும் முட்டைகளைப் பெண் பறவை வெளியே தள்ளிவிடும். தானும் முட்டையிட்ட பிறகு நிறுத்திக்கொள்ளும். எது தன் முட்டை என்று அதற்குத் தெரியாதே! எல்லாப் பெண்களும் முட்டையிட்டதும் தள்ளல் முடிந்து, அடைகாத்தல் தொடங்கும். குஞ்சுகளுக்கு எல்லோரும் இரை ஊட்டுவார்கள். தனி ஜோடியாகக் கூடு கட்டினால் குஞ்சுகள் பிழைப்பது அரிது.

‘என்னுடையது, உன்னுடையது’ என்ற கணக்கு மறந்த இடத்தில்தான் அந்தக் குடும்பம் தொடங்குகிறது. இனி ஒரு கறுப்புப் பறவையைக் கண்டால் நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். அலகைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள்.