வெள்ளம் வடிந்த வீட்டுக்கு யாரை அழைப்பது?



ஐப்பசி பிறந்துவிட்டது. மழை வேண்டும் என்று ஏங்குகிற நாம்தான் மழையைக் கண்டு அஞ்சவும் செய்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தது. அந்த ஈரம் காய்வதற்குள் தென் மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்.

படகு, உணவுப் பொட்டலம், நிவாரணத் தொகை என்று அந்த நாட்களில் நிறையப் பேசுகிறோம். தண்ணீர் வடிந்த பிறகு, சேறு படிந்த வீட்டை மறுபடி குடியிருக்கத் தக்கதாக ஆக்குவது பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கையிருப்பு கரைவதும், ஏமாற்றப்படுவதும், உடம்பு கெடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

வீட்டுக்காரர் களைத்துப்போய் நிற்கும் நேரத்தில், “ஒரே நாள்ல முடிச்சுத் தர்றோம், அட்வான்ஸ் மட்டும் கொடுங்க” என்று சுத்தம் செய்து தரும் நிறுவனத்தார் யாராவது வந்தால் கை தானாகப் பணத்தை எடுக்கும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிதானியுங்கள். தகுதியுள்ளவர் விலை பேசுவதற்கு முன் வீட்டைப் பார்ப்பார். எந்தத் தண்ணீர் வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று கேட்பார்.

அந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பு, நீர் புகுந்த வீடுகளைச் சீர்செய்யும் தொழிலுக்கு வகுத்த எஸ்500 நெறிமுறை, தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது: குழாய் உடைந்து வந்த நல்ல தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் போன்ற அழுக்குநீர், சாக்கடை கலந்த கழிவுநீர். நம் தெரு வெள்ளம் மூன்றாவது வகை. அதில் ஊறிய மெத்தையை வெயிலில் போட்டுத் திரும்ப விரிக்கலாம் என்று சொல்பவருக்குத் தொழில் தெரியாது. அதைத் தூக்கி எறியச் சொல்பவரை நம்பலாம்.

அடுத்து, அவர் கையில் ஈரமானி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கருவி அது. அதன் இரண்டு ஊசிமுனைகளைச் சுவரில் அழுத்தினால் எவ்வளவு ஈரம் என்று காட்டிவிடும். தண்ணீர் முழங்கால் அளவுதான் நின்றது என்றாலும், செங்கல் அதை உறிஞ்சி இடுப்புக்கு மேலேயும் ஏற்றியிருக்கும். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிகிற இடத்தில்கூட கருவி ஈரம் காட்டும். நல்ல நிறுவனம் தண்ணீரை இறைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களை ஓடவிட்டு, தினமும் அளந்து குறித்துக்கொள்ளும். ஈரத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால் உலர்த்துவதைத் தள்ளிப்போடக் கூடாது. பெயின்ட் அடிப்பதை எவ்வளவு தள்ளிப்போட்டாலும் தகும். டிசம்பரில் வெள்ளம், பொங்கலுக்குள் வெள்ளையடித்தாக வேண்டும் என்று அவசரப்பட்ட வீடுகளில், அடுத்த மழைக்குள் சுவர் உப்புப் பூத்துப் பட்டி உரிந்து விழுவதைப் பார்க்கிறோம். ஓதம் ஏறிய சுவர் காய வாரக்கணக்காகும் என்று நேராகச் சொல்பவரே உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறவர்.

மின்சாரத்தில் சமரசமே வேண்டாம். மெயினை அணைத்து, ஸ்விட்ச் பெட்டிகளைத் திறந்து சேற்றை எடுத்து, உரிமம் பெற்ற கம்பியாள் சோதித்த பிறகுதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். “போட்டுப் பார்க்கலாம் சார்” என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றை எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற தொழிலாளர்களின் காலையும் கையையும் பாருங்கள். பூட்ஸ், கையுறை, முகக்கவசம் இருக்கிறதா? வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்கிறோம் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். பாதுகாப்புச் சாதனமின்றி அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. விஷவாயு ஒருவரை மட்டுமல்ல, காப்பாற்றக் குதித்தவரையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறது. தன் ஆட்களின் உயிரை மதிக்காத நிறுவனம் நம் வீட்டை எப்படி மதிக்கும்? நம் வீடு சுத்தமாக இன்னொரு வீட்டில் விளக்கு அணையக் கூடாது.

காப்பீடு வைத்திருப்பவர்கள் சுத்தம் செய்யும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடங்கும். என்ன வேலை, எத்தனை நாள், என்ன தொகை என்று பிரித்தெழுதிய கொட்டேஷனும் முறையான பில்லும் தருகிற நிறுவனமாக இருந்தால், சர்வேயர் வரும்போது உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

நெஞ்சளவு தண்ணீரில் நிற்கும்போது இதையெல்லாம் விசாரிக்க முடியாது. இந்த வாரமே விசாரியுங்கள். முன்பு வேலை செய்த வீட்டுக்காரர்களிடம், வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கடந்த பிறகு சுவர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் இரண்டின் தொலைபேசி எண்களைக் குறித்து, அபார்ட்மென்ட் சங்கத்திலும் தெருக்காரர்களிடமும் கொடுத்துவையுங்கள். தனியாக வாழும் பெரியவர்களுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். வெள்ளத்தைக் கடந்து வீட்டை மீட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். மழை வலுக்கும் முன் அது மற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்