குடாநாட்டு வெயிலும் மடிநாய்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாய் என்றால் காவலுக்கு என்றிருந்த காலம் மெல்ல மாறி வருகின்றது. கிடுகு வேலியும் படலையும் இருந்த வளவுகளில் மதிலும் இரும்புக் கேற்றும் எழுந்துவிட்டன. அவற்றின் உள்ளே, பெரிய வீடொன்றில் எழுபது வயதைக் கடந்த தாயோ தந்தையோ தனித்திருப்பது இன்று ஊருக்கு ஊர் காணும் காட்சியாகும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்கின்றனர். கள்ளன் வந்தால் குரைக்க ஒரு நாய் வேண்டும் என்பதைவிட, பகற்பொழுதில் பேசுவதற்கு ஓர் உயிர் வேண்டும் என்பதே இவ்வீடுகளின் தேவை. இதனைப் பிள்ளைகள் உணர்ந்து பணம் அனுப்புகின்றனர். நாய்க்குட்டி விற்போர் அவர்களுக்கு முன்னரே உணர்ந்துவிட்டனர்.

இதன் விளைவாக பொமரேனியன், ஷிட்சு, பக், சிவாவா முதலிய பெயர்கள் குடாநாட்டிலும் பழகிப் போய்விட்டன. விளம்பரங்களில் 'உயர் ரகம்' எனப்படுபவை வாய்ப்பேச்சில் 'சாதி நாய்' ஆகிவிடுகின்றன. அந்தச் சொல் நாயையும் விட்டுவைக்கவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது. எவ்வாறாயினும், இந்த இனங்களுள் எதைத் தெரிவு செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் படத்தைப் பார்த்தும் விலையைக் கேட்டுமே தீர்மானிக்கப்படுகின்றது. குட்டி வளரப்போகும் நிலத்தின் வெப்பமும் அதனைப் பேணப்போகும் முதியவரின் உடல்வலுவும் கணக்கில் எடுக்கப்படுவது அரிது.

முதலில் வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். மனிதருக்குப் போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு வாங்கி, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது தன் சூட்டைத் தணிக்கின்றது. மூக்குக் குறுகினால் அந்த வழியும் குறுகும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாவதும் தடைப்படும். கடலும் பரவைக்கடலும் சூழ்ந்த குடாநாட்டின் சித்திரை, வைகாசி வெயிலில் தட்டை மூக்கு நாயொன்று படும் பாட்டை இதிலிருந்தே ஊகித்துக் கொள்ளலாம். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் மறந்திருக்க முடியாது. மின்விசிறியை நம்பி வாழும் நாய்க்கு அத்தகைய நாட்கள் உயிராபத்தானவை.

பக் இனத்தின் புகழ் நமக்குத் தமிழகத் தொலைக்காட்சியின் ஊடாக வந்தது எனலாம். 2003 ஆம் ஆண்டில் 'ஹட்ச்' தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய நாய் இந்தியா முழுவதும் அவ்வினத்துக்குக் கிராக்கியை உண்டாக்கியது. அந்நாயின் குறட்டையைச் சிலர் செல்லமாகக் கருதுகின்றனர். உண்மையில் அது ஒடுங்கிய மூச்சுப் பாதையின் ஓசை. பிரித்தானியாவின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022 இல் வெளியிட்ட ஆய்வு, உடல்நல நோக்கில் பக் இனத்தை ஒரு வழமையான நாயாகக் கருத முடியாது என்றே கூறியது. நெதர்லாந்து, மண்டையின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த முக நீளமுடைய நாய்களை இனவிருத்தி செய்வதை 2019 முதல் தடுத்துள்ளது. குளிர் நாடுகளிலேயே இதுதான் நிலைமை என்றால் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் என்னவாகும்? ஷிட்சுவும் தட்டை மூக்கு இனமே. அதற்கு மேலாக, நாள்தோறும் சீவிவிட வேண்டிய நீண்ட மயிரும் அதற்குண்டு. மூட்டுவாதத்தால் விரல் மடிக்க இயலாத ஒரு முதியவர் அதனைச் செய்வார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. சீவாத மயிரினுள் உண்ணி குடியேறும். உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் ஒரு சிறிய நாயைச் சில நாட்களில் சாய்த்துவிடக் கூடியது.

பொமரேனியனின் கதை வேறு. போல்ற்றிக் கடலோரத்துக் குளிர்ப் பிரதேசமொன்றின் பெயரைத் தாங்கிய இந்நாய் முற்காலத்தில் இன்றுள்ளதிலும் பெரியது. 1888 இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து சிறிய நாயொன்றைக் கொண்டுவந்த பின்னரே சிறிய உருவம் நாகரிகமாயிற்று. இன்று அதன் நியம எடை 3 கிலோகிராம் அளவைத் தாண்டுவதில்லை. ஆனால் தமிழகத்தில் தலைமுறைகளாகப் 'பொமரேனியன்' என அழைக்கப்பட்டு வருவது பெரும்பாலும் அதைவிடப் பெரிய இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வெள்ளை நாயாகும். இங்கும் அப்பெயரில் கைமாறுபவற்றுட் பல அவ்வகையினவே. இதில் வாங்குபவருக்கு நட்டமில்லை என்பதே எமது கருத்து. நீண்ட மூக்கும், நம் பிரதேசத்துச் சூட்டில் பல தலைமுறை வாழ்ந்த உடலும் கொண்ட ஸ்பிட்ஸ், சுத்தமான பொமரேனியனைவிட இவ்வீடுகளுக்குப் பொருத்தமானது. அடர்ந்த மயிரும் ஓயாத குரைப்பும் அதன் குறைகள். சுத்த இனத்துக்கோ முழங்காற் சில்லு விலகுதலும் மூச்சுக்குழாய் தளர்வும் அடிக்கடி வரும் நோய்களாகும்.

மூன்று கிலோவுக்கும் குறைந்த சிவாவாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டிலிலிருந்து பாய்ந்தாலே எலும்பு முறியக்கூடிய நாயைப் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து ஓடி விளையாடும் வீட்டில் வளர்ப்பது சிரமம். குட்டை மயிரும் நீண்ட மூக்கும் உடையவற்றுள் மினியேச்சர் பின்ஷர் வெயிலைத் தாங்கும். ஆனால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க இளையவர் ஒருவர் வேண்டும். டாஷ்ஹண்ட் இனத்தின் சிறிய வகையும் தாங்கும். நீண்ட முதுகுத்தண்டு நோகாதிருக்க அதனைப் படியேற விடாமலும் கொழுக்க விடாமலும் பார்த்துக்கொண்டாற் போதும்.

உணவிலும் ஒரு சங்கதி உண்டு. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மண் இது. அந்த வெங்காயம் பச்சையாகவோ கறியிலோ நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. 20 கிலோ எடையுள்ள ஊர்நாய் தாங்கிக்கொள்ளும் கறிச்சோறு 2 கிலோ நாய்க்கு நஞ்சாகலாம். 2022 நெருக்கடியின் போது இறக்குமதி உணவின் விலை எகிறியதைக் கண்டோம். ஆகவே வெங்காயம் சேராத சோறு, மீன், முட்டை ஆகியவற்றில் வளரப் பழகிய நாயே பாதுகாப்பானது.

நமது அயலவரையும் இங்கு நினைக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் சோனகத்தெருவுக்கும் சுற்றயலுக்கும் மீண்ட முஸ்லிம் குடும்பங்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரினால் கழுவ வேண்டும் என்பது அவர்களது விதி. காவலுக்கும் மந்தைக்கும் வேளாண்மைக்கும் நாய் வளர்க்க அனுமதியுண்டு. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை நபிமொழி கூறுவதால், நாயை வெறுப்பது மார்க்கம் என எவரும் கருதலாகாது. பெரிய நாயைக் கட்டி வைப்பவரும் 'இது சின்னது, ஒன்றும் செய்யாது' என்று சிறிய நாயை ஒழுங்கையில் அவிழ்த்து விடுவதுண்டு. தொழுகைக்குச் செல்பவர் மீது அது செல்லமாகத் தாவினாலும் அவர் வீடு திரும்பி உடை மாற்ற வேண்டியவராகின்றார். கேற்றை மூடி வைப்பதும் வெளியில் வாரில் பிடித்துச் செல்வதும் இதற்குப் போதுமானவை. துணை தேடும் முஸ்லிம் முதியவர்களுக்குப் பூனை இருக்கவே இருக்கின்றது.

சட்டத்தின் நிலை என்ன? விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டுக்குரியது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901 ஆம் ஆண்டுக்குரியது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதில் விதிக்கப்பட்ட உச்ச அபராதம் 100 ரூபா. இம்மூன்றும் வீட்டின் பின்புறத்தில் குட்டி உற்பத்தி செய்து விற்போரை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவையல்ல. சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. 1973 இல் 377 பேரைப் பலிகொண்ட நீர்வெறுப்பு நோய் தடுப்பூசியால் வெகுவாகக் குறைக்கப்பட்டது உண்மையே. எனினும் தாய்நாய்க்கு ஊசி போட்ட அட்டையைக் கேட்காமல் குட்டியை மட்டும் வாங்கி வரும் பழக்கம் நீடிக்கின்றது. பரம்பரைச் சான்றிதழ் பாட்டன் பெயரைச் சொல்லும், நோயைச் சொல்லாது. பிரதேச சபைகள் நாய்ப் பதிவை ஒழுங்காக நடத்தி, குட்டி விற்போரையும் அதற்குள் கொண்டுவருவதற்குப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இவையனைத்துக்கும் மேலாக ஆயுட்கணக்கு ஒன்றுண்டு. சிறிய இனங்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வாழ்வன. எழுபத்தைந்து வயதில் குட்டி வாங்கும் ஒருவர் தொண்ணூறு வயது வரை அதனைப் பேண வேண்டும். இடையில் கனடாவுக்கு விசா கிடைத்து ஆறு மாதம் போக நேரலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கவும் நேரலாம். அப்போது வீட்டைப் பூட்டித் திறப்பை அயலவரிடம் கொடுப்பது போல நாயைக் கொடுத்துவிட முடியாது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாய்களை வளவிலேயே விட்டுப் போனோம். அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைக்க வேண்டி வந்ததற்குப் போர் காரணமல்ல.

ஆகவே பெற்றோருக்குத் துணை தேடும் பிள்ளைகள் குட்டியை விட்டு, நான்கைந்து வயதான, குணம் தெரிந்த, குட்டி போடாதபடி சத்திரசிகிச்சை செய்யப்பட்ட சிறிய உருவ நாயொன்றைத் தேடுவது நல்லது. அது ஸ்பிட்ஸ் கலப்பாகவோ ஒழுங்கையில் வளர்ந்த ஊர்நாயாகவோ இருக்கலாம். முதியவர் இல்லாத காலத்தில் அதனை ஏற்கச் சம்மதிக்கும் அயலவர் அல்லது உறவினர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, தடுப்பூசி அட்டையின் பிரதியொன்றையும் மாதச் செலவுக்கான பணத்தையும் அவரிடம் ஒப்படைத்து வைக்கலாம்.